கப்பலேறும் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பவர்

குடியேற்ற அதிகாரி சைலஸ் பெங்கெல்லி அன்று காலை துறைமுக விடுதிக்குள் நுழைந்தபோது, மேற்பார்வைக்காரி பிக்கிள் அம்மாள் சமையலறை வாசலில் கன்னமெல்லாம் கரியோடு நின்றுகொண்டு, உலகத்தில் உள்ள எல்லாப் புகைபோக்கிகளையும் கட்டியவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்ட ஆரம்பித்தால் சீக்கிரத்தில் நிற்காது. விதவை, வயிற்றுக்காக வேலைக்கு வந்தவள், ஆனால் பிளிமத் துறைமுகமே தன் புடவைத் தலைப்பில் முடிந்திருப்பதுபோல நடந்துகொள்வாள் என்று நம்மூரில் சொல்வோமே, அந்த ரகம்.

"முந்தாநாளே அடைச்சுக்கிச்சு ஐயா. குருவியோ காக்காயோ உள்ள செத்துக் கெடக்குது. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் வந்து எட்டிப் பாக்கல. இத்தனை சனத்துக்கும் ரெண்டு நாளா காஞ்ச ரொட்டியும் ஆறின டீத்தண்ணியும்தான். நியூசிலாந்து போறவங்களுக்கு இங்கிலாந்து குடுக்கிற கடைசி விருந்து இதுதான்னு மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க. அப்புறம் அந்த டாவிஸ்டாக் குடும்பம்... அந்தம்மா போறப்ப என் காலைப் புடிச்சிட்டு அழுதுச்சு. நான் என்ன பண்ணுவேன், கையெழுத்துப் போட்டது நீங்க."

சைலஸ் அவள் சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கினார். வருடக்கணக்கில் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, மழைச் சத்தத்தைப்போல் அதைத் தாண்டிப் போகப் பழகியிருந்தார். காதில் விழுந்தது டாவிஸ்டாக் குடும்பம் மட்டும்தான். முந்தின நாள்தான் அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். அவர்களுடைய சின்னப் பையனுக்குத் தட்டம்மை. காதுக்குப் பின்னால் சிவப்பாகத் தடிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு பிள்ளைக்கு நோய் என்றால் குடும்பமே கரையில் நிற்கவேண்டும். அதுதான் சட்டம். வீட்டை விற்று, கட்டிலை விற்று, கோழியைக்கூட விற்றுவிட்டு வந்த குடும்பம் எங்கே திரும்பிப் போகும் என்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்தக் குடும்பம் படுத்திருந்த மூலைக்குப் பக்கத்தில்தான் அவருடைய மகள் லவ்டேயும் மருமகன் ஜேகோவும் பேத்தி டாம்சியும் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே அந்தப் பக்கம் போகாமல் இருந்தார். போனால், அதிகாரி தன் மகளுக்குத் தனிச் சலுகை காட்டுகிறார் என்று பேசுவார்கள். அதைவிடப் பெரிய காரணமும் ஒன்று இருந்தது, மகளுக்கு அவர் செய்துகொடுத்திருந்த ஒரு சத்தியம்.

சைலஸ் கப்பலேறும் ஒவ்வொரு குழந்தைக்கும் கைகொடுப்பார். அது துறைமுகம் முழுக்கப் பிரசித்தம். கப்பல் தளத்தில் எல்லாரும் வரிசையாக அவரையும் கப்பல் வைத்தியரையும் கடந்து போகவேண்டும். பெரியவர்களை அவர் ஒரு பார்வையோடு விட்டுவிடுவார். குழந்தை வந்தால் மட்டும் தொப்பியைக் கழற்றி, இடுப்பை வளைத்து, ஏதோ கோமகன் வீட்டு வாரிசு எதிரே நிற்பதுபோல், "பயணம் நல்லபடியா அமையட்டும் துரை" என்று கையை நீட்டுவார். மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும் பயல்கூட அந்த மரியாதையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையை நீட்டுவான். பார்க்கிற தாய்மார்களுக்குக் கண் கலங்கிவிடும். ஆனால் அந்த மனுஷர் மரியாதைக்காகவா கைகொடுத்தார்? உள்ளங்கையில் காய்ச்சல் தெரியும். நாக்கை நீட்டச் சொன்னால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். நெற்றியைத் தொட்டால் அழும். கையை மட்டும் தானாகவே கொண்டுவந்து கொடுக்கும். காய்ச்சலை மறைக்க, வரிசைக்கு வருவதற்கு முன் பிள்ளையின் கையைப் பச்சைத் தண்ணீரில் முக்கி எடுக்கிற தாய்மார்களும் உண்டு. ஈரமாகச் சில்லிட்ட கை வந்தால், சைலஸ் சிரித்தபடியே கன்னத்தைத் தட்டுவதுபோல் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிடுவார். ஒருதடவைகூட அவர் கை தவறியதில்லை என்று வைத்தியர்களே சொல்வார்கள்.

ஒரே ஒருதடவை அவர் ஊரில் இல்லாதபோது வேறொருவர் வரிசையைப் பார்த்து அனுப்பிய கப்பல் ஒன்று உண்டு. அதில் ஏறிய ஒரு குழந்தையின் தட்டம்மை, நடுக்கடலுக்குள் கப்பலிலிருந்த பிள்ளைகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. மூன்று மாதப் பயணம். நடுவில் கரை கிடையாது. செத்த பிள்ளைகளைச் சுற்றிக் கடலில் விடப் பாய்த்துணி போதாமல் போய், தாய்மார்கள் தங்கள் பாவாடைகளைக் கிழித்துக் கொடுத்தார்கள் என்று அந்தக் கப்பலில் போய்வந்த மாலுமி ஒருவன் சொன்னதை சைலஸ் மறக்கவேயில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த வரிசையையும் பிறரிடம் விட்டதில்லை. மனைவியை அடக்கம் செய்த வாரத்தில்கூட வந்து நின்று கைகொடுத்தார்.

இத்தனை பேரை அனுப்பிய மனிதர், துறைமுகத்தில் அலையைத் தடுக்கக் கட்டிய கல்லணையைத் தாண்டிக் கூப்பிடுதூரத்துக்கு மேல் ஒருநாளும் போனதில்லை என்பது வேறு கதை. படகு கொஞ்சம் ஆடினாலே அவருக்குக் குமட்டும். ஆனால் கார்ன்வால், டெவன் கிராமங்களில் கூட்டம் போட்டு நியூசிலாந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாரென்றால், அங்கே பிறந்து வளர்ந்தவர் என்று சத்தியம் செய்வார்கள். தினமும் ஆட்டுக்கறி. சொந்த நிலம். எந்தப் பண்ணையாருக்கும் தொப்பியைத் தொட்டு வணங்கவேண்டாம். முதல் வரிசையில் உட்கார்ந்து, அப்பா பேசி முடித்ததும் எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுக்கிற சின்னப் பெண்ணாக லவ்டே அந்தப் பேச்சையெல்லாம் கேட்டு வளர்ந்தாள். கேட்டவர்களிலேயே அதை முழுசாக நம்பியவள் அவள்தான் என்பது, அவள் கல்யாணமாகிக் குழந்தையும் பெற்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஜேகோ ரண்டில் நல்ல உழைப்பாளி. விவசாயக் கூலிகள் சங்கத்தில் சேர்ந்தான் என்பதற்காகப் பண்ணையார் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டார். சுற்றுவட்டாரத்தில் வேறு எவரும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "நாங்க கெளம்பறோம் அப்பா" என்று லவ்டே வந்து சொன்னபோது, சைலஸ் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நியூசிலாந்தைக் குறை சொன்னார். காற்று என்றார், பூகம்பம் என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

"ஊரான் வீட்டுப் பொண்ணுங்களுக்கு ஆட்டுக்கறி, சொந்தப் பொண்ணுக்குப் பூகம்பமா?"

பிறகு அவர் செய்ததுதான் தப்பு. வசந்தகாலக் கப்பலின் வைத்தியரைத் தனியாக அழைத்துப்போய், ஜேகோவின் நெஞ்சில் கதிரடிக்கிற தூசியால் வந்திருந்த இருமலை ஒரு பெரிய நோயாகப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். வைத்தியரும் பார்த்தார். மூன்றுபேரும் கரையில் நின்றார்கள். கோடைகாலம் முழுக்க ஜேகோ துறைமுகத்தில் கரி சுமந்தான், அவர்கள் ஒரு கொட்டகையில் குடியிருந்தார்கள். அப்பன் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டும் அவள் வரவில்லை. இந்த இரகசியம் பிக்கிள் அம்மாளுக்குத் தெரிந்திருந்ததால் வெகுசீக்கிரம் லவ்டேக்கும் தெரிந்துபோனது. அவள் வந்தாள். உட்காரவில்லை.

"இன்னொருதரம் எங்கள நிறுத்தினீங்கன்னா உங்களுக்குப் பொண்ணு கெடையாது. கப்பல்ல போனாலாவது கடுதாசி போடுவேன். நிறுத்தினீங்கன்னா அடுத்த தெருவுல இருந்தாலும் உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அவர் தன் மனைவியின் வேதாகமத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்துகொடுத்தார். இனி எந்தக் காரணம் சொல்லியும் நிறுத்தமாட்டேன் என்றார். எந்தக் காரணம் சொல்லியும் என்று அவர் சொன்னபோது இருமலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். அதன்பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத்தொடங்கினாள். வந்து அம்மா செய்வதுபோலவே பேஸ்டி சுடுவாள். மாவுக்குள் கறியும் கிழங்கும் வைத்து மடித்து, யார் யாருடையது என்று தெரிய மூலையில் அவரவர் பெயரின் முதலெழுத்தை மாவால் ஒட்டுவாள். டாம்சி தன் எழுத்து இருக்கிற மூலையைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்து, பிறகு அதையும் தின்றுவிட்டு, தாத்தாவின் எழுத்தையும் கேட்பாள். சாப்பாட்டு விஷயத்தில் அவளிடம் மிச்சம் என்ற பேச்சே கிடையாது. தின்றுமுடித்துக் கொழுப்பு ஒட்டிய கையோடு வந்து, "கை குடு தாத்தா" என்பாள். அவர் தொப்பியைக் கழற்றுவார், இடுப்பை வளைப்பார். அது அவர்களுக்குள் இருந்த விளையாட்டு.

நடுப்பகலில் கப்பல் தளத்தில் வரிசை நகர்ந்தது. வைத்தியர் மாபர்லி இளைஞர், முதல் பயணம், இப்போதே முகம் வெளிறியிருந்தது. "நீங்க கை குடுங்க ஐயா, நான் எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பீப்பாயின்மேல் சாய்ந்துகொண்டார். சைலஸ் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒரு பையனின் கை மீன் வாடையோடு குளிர்ந்திருந்தது. ஒரு பெண் குழந்தை இரண்டு கையையும் நீட்டியது. வரிசையில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு அவர்கள் வந்தார்கள். ஜேகோ தோளில் மூட்டையோடு, "வரோம் மாமா" என்றான். அவன் குரலில் கோபமில்லை. அதுவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. லவ்டே தன் அம்மாவின் பழைய சால்வையைப் போர்த்தியிருந்தாள். டாம்சி இரண்டு கையாலும் ஒரு துணி முடிச்சை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். தாத்தாவைப் பார்த்ததும் ஓடிவருவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஓடிவரவில்லை. கண்கள் பளபளவென்று இருந்தன. கடற்காற்றுதான் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் தொப்பியைக் கழற்றினார். இடுப்பை வளைத்தார். "பயணம் நல்லபடியா அமையட்டும் சீமாட்டி."

டாம்சி முடிச்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

அந்தக் கை கொதித்தது. எத்தனையோ ஆயிரம் கைகளைத் தொட்ட மனுஷர். அவருக்குச் சந்தேகமே இல்லை. உள்ளங்கை வறண்டு, அடுப்பிலிருந்து எடுத்த கல்லைப்போல் இருந்தது. அவர் நிமிர்ந்து மகளைப் பார்ப்பதற்குள் லவ்டேயே பேசினாள், கொஞ்சம் சத்தமாக, வைத்தியருக்கும் கேட்கும்படியாக.

"பேஸ்டியப் புடிச்சுப் புடிச்சு கையெல்லாம் சூடு பண்ணிக்கிட்டா. இப்பதான் சுட்டது அப்பா. சொன்னாக் கேக்க மாட்டேங்கறா."

சைலஸின் கை பேத்தியின் கையிலேயே இருந்தது. ஓரடி தள்ளி அந்த முடிச்சு இருந்தது. ஒரு விரலை நீட்டி அதன்மேல் வைத்தால் போதும், சூடு எதிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். அல்லது கன்னத்தைத் தட்டுவதுபோல் கழுத்தைத் தொடலாம். மற்ற பிள்ளைகளுக்கு அதைத்தானே செய்தார். அவர் லவ்டேயின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணிமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினால் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். பழைய வேலையைக் காட்டிவிட்டார் கிழவர் என்பாள். காய்ச்சல் என்று சொன்னால் அதுவும் இருமல் மாதிரிதான் என்பாள். துறைமுகமே அப்படித்தான் சொல்லும். ஜேகோ மறுபடியும் கரி சுமக்கப் போவான். பேத்தி அடுத்த தெருவில் வளர்வாள், அவர் பார்க்க முடியாது. சரி, பேஸ்டியின் சூடாகத்தான் இருக்கட்டுமே. இப்போதுதான் சுட்டது என்கிறாள். பெற்ற தாய்க்குத் தெரியாதா?

"என்ன ஐயா?" என்றார் மாபர்லி.

"ஒண்ணுமில்ல" என்றார் சைலஸ். "எழுதிக்குங்க. நல்லா இருக்கா."

லவ்டே அப்போதுதான் மூச்சு விட்டாள். அவர் அதைக் கவனித்தார். கவனித்ததை உடனே மறக்கவும் முயன்றார்.

வரிசை முடிந்து, இழுவைப்படகின் கயிற்றை மாட்டிக் கப்பலை வெளியே கொண்டுபோனார்கள். வழக்கப்படி அதிகாரி கல்லணை தாண்டும்வரை கப்பலிலேயே இருந்து, இழுவைப்படகில் கரைக்குத் திரும்பவேண்டும். கடைசி நேரத்தில் யாரையாவது இறக்கவேண்டுமென்றால் அந்தப் படகில் இறக்கலாம். அதற்காகத்தான் அந்த வழக்கம். அந்த நேரம் முழுவதும் சைலஸ் தண்ணீர்ப் பீப்பாய்களைச் சரிபார்த்தார், ஏற்கெனவே சரிபார்த்ததைத் திரும்பச் சரிபார்த்தார். குமட்டல்கூட வரவில்லை. படகில் இறங்க ஏணிக்கு வந்தபோது மூவரும் அங்கே காத்திருந்தார்கள். லவ்டே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சின்ன வயதில் கட்டிக்கொண்டதுபோலவே இறுக்கமாகக் கட்டிக்கொண்டு, காதோரமாக, "ரொம்ப நன்றி அப்பா" என்றாள். எதற்கு நன்றி என்று அவர் கேட்டிருக்கலாம்.

ஜேகோவின் தோளில் சாய்ந்திருந்த டாம்சி துணி முடிச்சை நீட்டினாள்.

"எனக்கு வேணாம் தாத்தா. உனக்கு."

லவ்டேயின் முகம் மாறியது. கையை நீட்டி முடிச்சைப் பிடிக்கப் பார்த்தாள். "வேண்டாம்டி கண்ணு, உள்ள வெச்சிக்க. தாத்தாவுக்கு வீட்ல நெறைய இருக்கு."

"தாத்தாவுக்குத்தான்" என்றது குழந்தை, அழப்போகிற குரலில்.

சைலஸ் தன் தோல்பையின் வாயை இரண்டு கையாலும் அகலத் திறந்து அவள் முன்னால் பிடித்தார். "இதுல போடு ராசாத்தி." முடிச்சு உள்ளே விழுந்தது. அவர் பையை மூடிக்கொண்டார். முடிச்சை அவர் தொடவில்லை. அதன்பிறகு ஏணியில் இறங்கும்போது மேலே பார்க்கவும் இல்லை. கால் வழுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இழுவைப்படகின் கிழவன் கிட்டோ கயிற்றை அவிழ்த்துவிட்டான். கப்பலின் பாய்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. தளத்தில் இருந்தவர்கள் ஏதோ துதிப்பாட்டைப் பாடினார்கள். காற்று அதைத் துண்டுதுண்டாகக் கொண்டுவந்தது. கப்பலின் ஓரத்தில் நின்ற கூட்டத்தில் எது தன் மகளின் சால்வை என்று சைலஸ் தேடினார், கிடைக்கவில்லை. கிட்டோ படகைத் திருப்பி, புகையிலையைக் கடித்துக்கொண்டே, "பசி கொல்லுது ஐயா. உங்க பேத்தி என்னமோ குடுத்துச்சே, ஆளுக்குப் பாதியா?" என்றான்.

வேண்டாமென்று சொல்லக் காரணம் எதுவும் தோன்றவில்லை. சைலஸ் பையைத் திறந்து முடிச்சை எடுத்தார். எடுத்த அந்தக் கணமே கைக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவிழ்த்தார். பேஸ்டியின் மூலையில் டாம்சியின் எழுத்து அப்படியே இருந்தது. மறுபக்கத்தில் எலி கொறித்ததுபோல் சின்னதாக ஒரே ஒரு கடி. கடித்த இடத்தில் உள்ளே கறியைச் சுற்றிக் கொழுப்பு வெள்ளை வெளேரென்று உறைந்து, மெழுகாக இறுகியிருந்தது. மாவு காய்ந்து ஓரம் வெடித்திருந்தது. அது அன்றைக்குச் சுட்டதில்லை. நேற்றுச் சுட்டதும் இல்லை.

முந்தாநாளே அடைச்சுக்கிச்சு ஐயா. காலையில் கேட்காமல் கேட்ட பிக்கிள் அம்மாளின் குரல் இப்போது முழுசாகக் கேட்டது. விடுதியில் இரண்டு நாளாக அடுப்பே எரியவில்லை. லவ்டே அவர் வரிசையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். அவர் கை என்ன தேடுகிறது என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். ஈரக் கை அவரிடம் செல்லாது என்றும் தெரியும். அதனால் சூட்டை மறைக்காமல், சூட்டுக்கு ஒரு காரணத்தைக் குழந்தையின் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். சாதாரணக் காய்ச்சல், இரண்டு நாளில் இறங்கிவிடும் என்று நம்பியிருப்பாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவளைத் திரும்பிப் போக இடமில்லாதவளாகக் கோடை முழுக்க நிற்கவைத்தது யார்? ஐயோ, இருமலைக் காட்டி நிறுத்தாமல் வசந்தத்திலேயே விட்டிருந்தால் இந்நேரம் அந்தப் பிள்ளை எங்கோ ஒரு பச்சை மேட்டில் ஆட்டின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அவர் மனம் அந்த ஒரே இடத்தில் போய்ப் போய் முட்டிக்கொண்டது.

"கிட்டோ. படகைத் திருப்ப முடியுமா?"

கிட்டோ திரும்பிப் பார்த்தான். கப்பல் எல்லாப் பாய்களையும் விரித்துக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. பாட்டு இப்போது கேட்கவில்லை.

"இந்தக் காத்துலயா? இனிமே அதப் புடிக்கணும்னா நமக்கு றெக்கை மொளைக்கணும். ஏன் ஐயா, எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டீங்களா?"

கிட்டோ அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவும் இல்லை, பாதிப் பங்கையும் கேட்கவில்லை. படகு கல்லணைக்குள் நுழைந்தது. கரையில் பிக்கிள் அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்று, ஏணிமேல் ஏறியிருந்த புகைபோக்கிக்காரன் ஒருவனைத் திட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. விடுதியின் கூரையிலிருந்து புகை மெல்லக் கிளம்பியது. சைலஸ் பேஸ்டியைத் துணியில் திரும்ப முடிந்துகொள்ளாமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். படகு கரையைத் தொட்ட பிறகும் பிடித்துக்கொண்டிருந்தார். அது சூடாகவேயில்லை.